சறுக்கும் தந்திகளில் ஒரு சந்திப்பு: ரை கூடர், விஸ்வ மோகன் பட் இசைத்தட்டு

வெவ்வேறு இசை மரபுகளில் ஊறிய இருவரை ஓர் அறையில் உட்கார வைத்து ஒலிப்பதிவு செய்தால், பெரும்பாலும் நமக்குக் கிடைப்பது ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு கச்சேரிகளின் துண்டுகள்தான். ஒருவர் தமக்குத் தெரிந்ததை வாசிப்பார். மற்றவர் அது முடியும்வரை காத்திருந்து தமக்குத் தெரிந்ததை வாசிப்பார். கடைசியில் தாளக் கருவிகள் வேகத்தைக் கூட்டிக் கைத்தட்டலுக்கு வழி செய்து கொடுக்கும். இந்த வகை இசைத்தட்டுகளை ஆர்வத்தோடு வாங்கிச் சேர்த்து, ஒருமுறைக்கு மேல் கேட்க முடியாமல் அலமாரியில் வைத்துவிட்ட அனுபவம் பலருக்கும் இருக்கும். அவற்றிலிருந்து முற்றிலும் விலகி நிற்கிற ஒன்று, 1993இல் வாட்டர் லில்லி அக்கௌஸ்டிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'எ மீட்டிங் பை தி ரிவர்'. அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ரை கூடரும் ஜெய்ப்பூரின் இந்துஸ்தானிக் கலைஞர் விஸ்வ மோகன் பட்டும் சேர்ந்து வாசித்த இந்த இசைத்தட்டில், ஒருவர் வாசிப்பதை மற்றவர் கேட்டுக்கொண்டிருப்பது நம் காதில் விழுகிறது. வெளிவந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலான பிறகும் இதைப் பரிந்துரைக்க எனக்கு இருக்கும் முதன்மையான காரணம் அதுதான்.

1992 செப்டம்பரில், கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பரா நகரில், புனித அந்தோணியார் குருமடத்தைச் சேர்ந்த கிறிஸ்து அரசர் சிற்றாலயத்தில் இது ஒலிப்பதிவு செய்யப்பட்டது. இரு கலைஞர்களும் முதன்முதலாக ஒருவரையொருவர் சந்தித்து ஒரு மணி நேரம்கூட ஆகாத நிலையில் பதிவு தொடங்கிவிட்டது. எழுதி வைத்த உருப்படி இல்லை, ஒத்திகை இல்லை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய பத்து நிமிடம் நீளும் நான்கு உருப்படிகள், மொத்தம் நாற்பது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. தபலாவில் பனாரஸ் மரபைச் சேர்ந்த சுக்விந்தர் சிங் நாம்தாரி. டும்பெக் என்னும் மேற்காசியக் கைமேளத்தில் கூடரின் மகன் ஜோக்கிம், அப்போது அவருக்கு வயது 14. உடன் வாசித்தவர்கள் இந்த இருவர் மட்டுமே. அடுத்த ஆண்டே, அதாவது 1994இல், சிறந்த உலக இசைத் தொகுப்புக்கான கிராமி விருது இதற்குக் கிடைத்தது.

முன்னேற்பாடு இல்லாமல் நடந்த சந்திப்பு என்பதையே இதன் பெருமையாகப் பலரும் சொல்லி வந்திருக்கிறார்கள். அந்தப் பேச்சு உண்மையைப் பாதிதான் சொல்கிறது என்று நான் நினைக்கிறேன். ஒத்திகை இல்லாமல் உட்கார்ந்த எத்தனையோ இணைகள் ஒன்றும் தேறாமல் எழுந்து போயிருக்கின்றன. இந்த இருவருக்கும் கைகூடியதற்கு, அவர்கள் சந்திப்பதற்கு வெகு காலம் முன்பே அவர்களுடைய கருவிகள் உறவாகியிருந்தன என்பது காரணம்.

இரண்டும் கிட்டார்கள். அதிலும், விரலால் கட்டையில் அழுத்திச் சுரம் பிடிக்காமல், வழவழப்பான ஒரு பொருளைத் தந்திமேல் நகர்த்திச் சுரம் எழுப்பும் முறையில் வாசிக்கப்படுபவை. கூடர் கிட்டாரை வழக்கம்போல நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, இடக்கை விரலில் மாட்டிய கண்ணாடிக் குழலைத் தந்திமேல் சறுக்குகிறார். மிசிசிப்பி ஆற்றுப் படுகையின் கறுப்பினக் கலைஞர்கள் ப்ளூஸ் என்னும் தங்கள் இசையில் உடைந்த பாட்டில் கழுத்தையும் கத்தியையும் வைத்து வாசித்த முறை அது. பட், ஹவாய்த் தீவுகளின் முறையில் கருவியைக் கிடத்தி வைத்து எஃகுத் தண்டால் வாசிக்கிறார். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜோசஃப் கெகுகு என்ற ஹவாய் இளைஞரின் கையில் உருப்பெற்றதாகச் சொல்லப்படும் அந்த வாசிப்பு முறை, சில பதிற்றாண்டுகளில் அமெரிக்கப் பெருநிலத்துக்கும் இந்தியாவுக்கும் பரவியது. கல்கத்தாவின் மெல்லிசைக் குழுக்களில் இடம்பிடித்தது. பிறகு பிரிஜ் பூஷண் காப்ரா அதை இந்துஸ்தானி ராக இசைக்குள் கொண்டுவந்தார். ரவிசங்கரின் மாணவரான பட், அந்தக் கிட்டாரில் சுருதித் தந்திகளையும், சிதாரில் இருப்பதைப் போன்ற, மீட்டாமலே உடன் அதிரும் 12 தரப் தந்திகளையும் சேர்த்து, அதற்கு மோகன வீணை என்று பெயரிட்டார். மறுபக்கம் கூடரோ 1970களிலேயே ஹவாய்க்குப் போய் அங்குள்ள கிட்டார் கலைஞர் காபி பகினூயியோடு வாசித்தவர். ஆகவே சாண்டா பார்பராவில் நேருக்கு நேர் அமர்ந்தவை, ஒரே நூற்றாண்டுக்குள் பிரிந்துபோன ஒரு குடும்பத்தின் இரண்டு கிளைகள்.

தமிழ் வாசகர்களுக்கு இந்த இடத்தில் கோட்டுவாத்தியம் நினைவுக்கு வராமல் போகாது. மெட்டுகள் இல்லாத அந்த வீணையில் மரத்தண்டையோ கொம்புத் துண்டையோ தந்திமேல் நகர்த்தி வாசிக்கும்போது, ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு ஒலி அறுபடாமல் போவதை நாம் தலைமுறைகளாகக் கேட்டுவருகிறோம். ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு என்று நம் இலக்கண நூல்கள் வகைப்படுத்தும் கமகங்களையும் இந்துஸ்தானி இசையில் மீண்ட் எனப்படும் சறுக்கலையும் அறிந்த காதுக்கு, கூடரின் கண்ணாடிக் குழல் எழுப்பும் ஒலி அந்நியமாகவே தோன்றாது. பாடும் குரலைத் தந்தியில் பிடித்துவிட வேண்டும் என்ற தாகம் இரு மரபுகளுக்கும் பொது. அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் பிளைண்ட் வில்லி ஜான்சன் 1927இல் பதிவு செய்த சொற்களற்ற முனகலிலும் அவருடைய கிட்டார் குரலைப் பின்தொடர்ந்தே அழுகிறது. கூடரின் வாசிப்புக்கு ஊற்று அந்தப் பதிவுதான்.

இன்னொரு பொருத்தமும் உண்டு. அது சற்று நுட்பமானது. ஐரோப்பிய இசை வழிவந்த ஒரு கலைஞர் இந்திய இசைக்கலைஞரோடு அமரும்போது பெரும்பாலும் இடறுவது கோர்வைச் சுரங்களில்தான். மூன்று நான்கு சுரங்களை ஒருசேர ஒலித்து, அவற்றை வரிசையாக மாற்றிக்கொண்டே போகும் பழக்கம், ஆதார சட்ஜத்தைவிட்டு நகராத ராக இசையின் காலடியை உருவிவிடும். இப்படிச் சறுக்கி வாசிக்கும் ஸ்லைடு கிட்டார் கலைஞர்களோ தந்திகளை வழக்கமான முறையில் சுருதி கூட்டுவதில்லை. ஒரே கோர்வையின் சுரங்களுக்குத் தந்திகள் அனைத்தையும் இசைவித்து வைப்பார்கள். அவற்றுள் பரவலான ஒரு முறையை நம் மொழியில் சொன்னால் ச, ப, ச, க, ப, ச என்று ஆகும். க என்றது அந்தர காந்தாரம். தம்பூராவின் பக்கத்தில் வைத்தாலும் உறுத்தாத அமைப்பு அது. ஆகவே கூடர் சும்மா இருக்கும்போதுகூட அவருடைய கிட்டார், பட்டின் சுருதித் தந்திகளோடு சேர்ந்து ஒலித்துக்கொண்டிருக்க முடிகிறது. ப்ளூஸ் இசையில் காந்தாரமும் நிஷாதமும் ஓரிடத்தில் நிற்காமல் சாதாரணத்துக்கும் அந்தரத்துக்கும், கைசிகிக்கும் காகலிக்கும் இடையே, அதாவது தத்தம் தாழ்ந்த நிலைக்கும் உயர்ந்த நிலைக்கும் இடையே அலைவதும் பட்டுக்கு வசதியாகவே அமைகிறது.

முதல் உருப்படியான தலைப்புப் பாடலில் இவை அத்தனையும் பயனுக்கு வருவதைக் கேட்கலாம். தொடக்கத்தில் இருவரும் அவசரப்படுவதில்லை. ஒருவர் ஒரு சிறு சொற்றொடரை எழுப்பி நிறுத்துகிறார். அது கூடத்தில் கரைந்து முடிவதற்குச் சற்று முன்பு மற்றவர் அதன் கடைசிச் சுரத்தைத் தொட்டுக்கொண்டு தொடங்குகிறார். நம் கச்சேரிகளில் பாடகரின் ஆலாபனையை வயலின் கலைஞர் பின்பற்றும் முறை இங்கே இல்லை. ஒருவர் சொன்னதை மற்றவர் அப்படியே திருப்பிச் சொல்லவும் இல்லை. கூடரின் பதில்கள் பெரும்பாலும் பட் எழுப்பியதைவிடக் குறைவான சுரங்களால் ஆனவை. நீண்ட பிரயோகம் ஒன்றுக்கு விடையாக இரண்டே சுரங்களை வாசித்து, இரண்டாவதை நெடுநேரம் நடுங்க விட்டு நிறுத்துவது அவருக்குப் பிடித்தமான உத்தி. அந்தச் சிக்கனம் பட்டையும் தொற்றிக்கொள்கிறது. தனிக் கச்சேரிகளில் தான் எனப்படும் மின்னல் வேகச் சுர ஓட்டங்களுக்குப் பெயர்போன அவர், இங்கே பல நிமிடங்கள் விளம்ப காலத்திலேயே தங்கியிருக்கிறார். தாளக் கருவிகள் சேர்ந்த பிறகும் அந்த நிதானம் உடைவதில்லை.

'லாங்கிங்' என்ற இரண்டாவது உருப்படி ராக இசைக்கு மிக நெருங்கியது. ஏக்கம் என்ற அதன் தலைப்புக்கு ஏற்ற மெல்லிய துயரம் அதில் இழையோடுகிறது; பட்டின் தண்டு ஒரு சுரத்தின் கீழ்விளிம்பிலிருந்து மேலே ஏறி நிற்கிற விதம் தேர்ந்த குரலிசைக்கு இணையானது. ஆனால் நான்கில் எனக்கு நிறைவு தராதது இதுதான் என்பதையும் சொல்லியாக வேண்டும். கூடர் இங்கே மிகையான மரியாதையோடு பின்வாங்கி நிற்கிறார். விருந்தினரின் இலக்கணத்தைப் பிழைபட மொழிந்துவிடக் கூடாது என்ற தயக்கம் அவருடைய கையைக் கட்டிப்போட்டிருப்பதாகத் தோன்றுகிறது. விளைவாக இது உரையாடலாக இல்லாமல், நல்லதொரு பக்கவாத்தியத்தோடு கூடிய தனி வாசிப்பாக ஆகிவிடுகிறது.

மூன்றாவது, 'கேஞ்சஸ் டெல்டா ப்ளூஸ்'. இதில் நிலம் கூடருடையது. உறுதியான ஒரு ப்ளூஸ் வாசகத்தை அவர் திரும்பத் திரும்ப மீட்ட, அதன்மேல் பட் ஏறி விளையாடுகிறார். சுக்விந்தர் சிங்கின் தபலாவுக்கு நாற்பது நிமிடங்களில் கிடைக்கும் நல்ல வாய்ப்பும் இதுவே. முதல்முறை கேட்கும்போதே மிகவும் பிடித்துப்போகிற உருப்படி இது. தலையசைக்க வைக்கும் ஓட்டமும் வேகமும் இருப்பதால், இசைத்தட்டை நண்பர்களுக்கு அறிமுகப்படுத்துகிறவர்கள் இதையே முதலில் போட்டுக் காட்டுவார்கள். திரும்பக் கேட்கக் கேட்க அந்த ஓட்டத்தின் தடம் சற்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது என்றாலும், பட் தம் வேகத்தை வெறும் வித்தையாகக் காட்டாமல் ப்ளூஸ் வாசகத்தின் இடைவெளிகளுக்குள் கச்சிதமாகப் பொருத்தும் அழகு குறைவதில்லை.

கடைசி உருப்படியான 'இசா லேய்'தான் இந்த இசைத்தட்டின் உச்சம் என்பது என் உறுதியான கருத்து. பிஜித் தீவுகளில் விடைகொடுக்கும்போது பாடப்படும் பாடல் அது. பிஜி என்றதும் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக அனுப்பப்பட்ட தென்னிந்தியர்களின் துயரம் நமக்கு நினைவுக்கு வரும். ஆனால் இந்தப் பாடல் அத்தீவுகளின் மண்ணின் மக்களுடையது. ராகமும் அல்ல, ப்ளூஸும் அல்ல என்பதால், இந்த உருப்படியில் இருவருமே சொந்த வீட்டைவிட்டு வெளியே வந்து நிற்கிறார்கள். யார் விருந்தினர், யார் வீட்டுக்காரர் என்ற கேள்வியே எழுவதில்லை. எளிய, நேரான ஒரு மெட்டை இருவரும் மாறி மாறி வாசிக்கிறார்கள். கூடர் அதைக் கிட்டத்தட்ட அலங்காரமே இல்லாமல் வாசிக்க, பட் ஒவ்வொரு சுரத்துக்கும் இடையிலுள்ள தொலைவை மீண்ட் சறுக்கலால் நிரப்புகிறார். சில இடங்களில் இரண்டு கருவிகளும் ஒரே வரியைச் சேர்ந்து வாசிக்கும்போது, சுரத்தை அடையும் வேகத்தில் இருவருக்கும் இருக்கும் சிறு வேறுபாடு அந்த வரிக்கு ஒரு நடுக்கத்தைத் தருகிறது. பயிற்சி செய்து சீராக்கியிருந்தால் அந்த நடுக்கம் போயிருக்கும். நல்லவேளையாக அதற்கு அவர்களுக்கு நேரமில்லை.

ஒலிப்பதிவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இந்தக் கூட்டு முயற்சியில் அதற்கும் கலைஞர்களுக்கு இணையான பங்கு உண்டு. இலங்கையில் பிறந்து சாண்டா பார்பராவில் நிலைகொண்ட கவிச்சந்திரன் அலெக்சாண்டர்தான் தயாரிப்பாளரும் ஒலிப்பதிவாளரும். பிரிட்டிஷ் பொறியாளர் ஆலன் ப்ளூம்லைன் 1930களின் தொடக்கத்தில் வகுத்த முறையை அவர் கையாண்டார். முன்னும் பின்னும் ஒலியை வாங்கும் இரண்டு ஒலிவாங்கிகளை ஒரே இடத்தில், ஒன்றுக்கொன்று செங்கோணமாக நிறுத்திவைப்பது அந்த முறை. ஒலிப் பொறியாளர் டிம் டி பாராவிசினி வடிவமைத்த வால்வு மின்னணுக் கருவிகள் வழியாக ஒலி நாடாவுக்குப் போனது. ஒவ்வொரு கருவிக்கும் தனி ஒலிவாங்கி, தனித் தடம், பிறகு மேசையில் உட்கார்ந்து கலந்து சமன்செய்தல் என்ற வழக்கமான ஏற்பாடு எதுவும் கிடையாது.

இதன் விளைவைக் கவனிக்க வேண்டும். தனித் தடங்களில் பதிவானால், ஒருவர் மற்றவரை மூழ்கடித்து வாசித்தாலும் பிறகு குமிழைத் திருகிச் சரிசெய்துவிடலாம். இங்கே அதற்கு வழியில்லை. எவ்வளவு அழுத்தி மீட்டுவது, எப்போது அடங்கிப் போவது, எவ்வளவு இடம் விடுவது என்பதையெல்லாம் அந்த நிமிடத்திலேயே கலைஞர்கள் தங்கள் காதால் தீர்மானித்தாக வேண்டும். காதை மூடும் கருவிகள் மாட்டிக்கொண்டு கண்ணாடித் தடுப்புகளுக்குப் பின்னால் தனித்தனியே அமர்ந்து வாசிக்கும் ஸ்டூடியோப் பழக்கத்தில், கேட்பது என்ற பொறுப்பு பொறியாளருக்குக் கைமாறிவிடுகிறது. இந்தச் சிற்றாலயத்தில் அது வாசிப்பவர்களிடமே இருந்தது. இருவரிடமும் நாம் வியக்கும் அந்தப் பணிவில் ஒரு பங்கு, ஒலிவாங்கிகள் நின்ற இடத்திலிருந்து வந்தது என்பேன்.

கேட்பவருக்கும் இதில் நேரடியான பயன் இருக்கிறது. நல்ல ஒலிபெருக்கிகளின் முன் அமர்ந்தால், இருவரும் எங்கே அமர்ந்திருக்கிறார்கள், தாளக் கருவிகள் எவ்வளவு பின்னே உள்ளன, கூடத்தின் கூரை எவ்வளவு உயரம் என்பதெல்லாம் தெரிகிறது. எஃகுத் தண்டு தந்தியில் உரசும் ஓசை, தரப் தந்திகள் தாமாக அதிர்ந்து எழுப்பும் பனிமூட்டம் போன்ற ஒலி, ஒரு சுரம் ஓய்ந்தபின் கல் சுவரிலிருந்து திரும்பி வரும் மிச்சம் ஆகிய அனைத்தும் பதிவில் இருக்கின்றன. கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் கேட்டால் இவற்றில் ஒன்றும் வராது. வெறும் இரண்டு கிட்டார்களின் சாவகாசமான பேச்சு மட்டும் மிஞ்சி, இதில் என்ன இருக்கிறது என்ற கேள்வி எழுந்துவிடும்.

குறைகளும் உண்டு. டும்பெக் வாசிப்பு பதினான்கு வயதுச் சிறுவனுடையது என்பதை மனத்தில் வைத்துக் கேட்டாலும், தபலா இருக்கும்போது அது எதைக் கூட்டுகிறது என்று சொல்வது கடினம். லய நுட்பத்தை எதிர்பார்க்கும் கர்நாடக இசை ரசிகர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். தாளக் கோர்வையோ கணக்கோ தனி ஆவர்த்தனத்துக்கு ஈடான பகுதியோ இதில் இல்லை, தாளம் பெரும்பாலும் ஓட்டத்துக்குத் துணையாக மட்டுமே வருகிறது. ஒரு ராகத்தை அதன் முழு இலக்கணத்தோடு விரித்துக் காட்டும் வாசிப்பையும் இங்கே தேடக் கூடாது. இன்னொருவர் உள்ளே வர இடம் கொடுக்க வேண்டுமானால் இலக்கணத்தில் சிலவற்றைத் தளர்த்தித்தான் ஆக வேண்டும். பட் அதை அறிந்தே செய்திருக்கிறார்.

1960களில் மேற்கத்திய வயலின் மேதை யெகுதி மெனுகினும் சிதார் கலைஞர் ரவிசங்கரும் செய்த முயற்சியோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். அங்கே ரவிசங்கர் அமைத்துக் கொடுத்ததை மெனுகின் பாடம் செய்து வாசித்தார். அவருடைய உழைப்பும் பணிவும் போற்றத்தக்கவை, ஆனால் ஒரு மரபுக்குள் மற்றவர் மாணவராக நுழைந்ததன் இறுக்கம் அந்த வாசிப்பில் இருக்கிறது. கூடரும் பட்டும் ஒருவருக்கொருவர் மாணவராக முயலவில்லை. வாட்டர் லில்லி நிறுவனமே இந்த வெற்றிக்குப் பிறகு இதே வழியில் பல சந்திப்புகளை ஏற்பாடு செய்தது. 1995இல் வந்த ஒன்றில் அமெரிக்க ப்ளூஸ் பாடகர் தாஜ் மஹாலோடு பட்டும், கோட்டுவாத்தியத்தின் இன்னொரு பெயரான சித்ரவீணையின் கலைஞர் ரவிகிரணும் வாசித்தார்கள். சித்ரவீணையும் மோகன வீணையும் ஒரே மேடையில் ஒலிக்கும் அரிய வாய்ப்பு என்று ஆவலோடு கேட்கலாம். ஆனால் பாட்டு நடுநாயகமாக இருப்பதால் இரு பெரும் கலைஞர்களும் அதற்கு மெருகூட்டும் வேலையோடு நின்றுவிடுகிறார்கள். மேற்கத்திய வாத்தியங்களோடும் ஊத் என்னும் அரபுத் தந்தி வாத்தியத்தோடும் பட் வாசித்த பிற பதிவுகளும் தரமானவையே. எனினும் முதல் சந்திப்பில் நேர்ந்த சமநிலை அவற்றில் எதிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

வாங்க விரும்புகிறவர்களுக்குச் சில சொற்கள். குறுந்தகடாக இது பரவலாகக் கிடைத்தது. பழைய கடைகளில் இப்போதும் அகப்படும். நல்ல ஒலித்தட்டுச் சுழலி வைத்திருப்பவர்கள், ஒலிநயம் தேடுவோருக்காகப் பின்னாளில் வந்த கறுப்பு இசைத்தட்டு மறுபதிப்பைத் தேடிப் பார்க்கலாம். விலை அதிகம்தான், ஆனால் மூலப் பதிவே நாடாவில் வால்வுக் கருவிகளால் ஆனது என்பதால் அந்த வடிவத்துக்கு நியாயம் இருக்கிறது. இணைய ஒலியோடைகளில் கேட்பவர்கள் காதணி ஒலிபெருக்கியிலாவது, இடையில் நிறுத்தாமல் கேட்க வேண்டும். உருப்படிகளின் வரிசையைக் கலைத்துப் போடும் வசதியை அணைத்துவிடுவது நல்லது, ஏனெனில் 'இசா லேய்' கடைசியில் வரும்போதுதான் அதன் எளிமைக்குப் பொருள் கிடைக்கிறது. இதைக் கேட்டு முடித்த பிறகு பட்டின் தனி ராகப் பதிவு ஒன்றையும், ஹவாய்க் கலைஞர்களோடு கூடர் 1970களில் வாசித்த பதிவு ஒன்றையும் கேட்டுவிட்டுத் திரும்பவும் முதல் உருப்படிக்கு வந்தால், இருவரும் அன்றைக்குத் தத்தம் கைவசம் இருந்தவற்றில் எவ்வளவை வாசிக்காமல் விட்டார்கள் என்பது தெரியும்.